கத்திக்கும் திராவகத்துக்கும் அசையாத கல்

தங்கத்தின் மாற்றைச் சோதிக்க இன்று நகைக்கடைகளில் எக்ஸ் கதிர்க் கருவி வந்துவிட்டது. ஆனாலும் பத்தர்களின் பெட்டியில் அந்தக் கறுப்புக் கட்டளைக்கல் இன்னும் கிடக்கிறது. அதில் பொன்னை இழுத்தால் கீற்று விழும். கீற்றின்மேல் ஒரு துளி திராவகம் விட்டால் கலப்படமாக இருக்கும் செம்பும் வெள்ளியும் கரைந்து, பொன் மட்டும் நிற்கும். இந்தச் சோதனை பலிக்க வேண்டுமானால் கல்லுக்கு இரண்டு குணம் வேண்டும். உலோகம் கல்லைக் கீறக்கூடாது, கல்தான் உலோகத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். அமிலம் பட்டாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. சுண்ணாம்புக்கல்லில் இதைச் செய்தால் கீற்றோடு சேர்ந்து கல்லே நுரைத்துப் பொங்கிவிடும். விற்பனைக்கு வரும் எல்லா உரைகல்லும் ஒரே கல் அல்ல; ஸ்லேட்டிலும் செய்கிறார்கள். ஆனால் நெடுங்காலமாக நல்ல உரைகல் என்று பெயர் வாங்கியது லிடைட். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டின் பெயரைத் தாங்கிய கல் அது. நிலவியல் கணக்கில் லிடைட் என்பது கறுப்பு நிறச் செர்ட்.

செர்ட் அரிய கல் ஒன்றும் அல்ல. சிலிக்கா மிகுந்த படிவுப் பாறைகளில் மணற்கல்லுக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க கல் இதுதான். சுண்ணாம்புப் பாறை இருக்கும் இடங்களில் உருண்டைகளாகவும், ஒருகாலத்தில் ஆழ்கடலாக இருந்து பின்னர் மலையாக எழுந்த இடங்களில் அடுக்கடுக்காகவும் கிடைக்கும். சிக்கிமுக்கிக்கல் என்று நாம் சொல்வதும் இதன் ஒரு வகை. சிவப்பு ஜாஸ்பர் இன்னொரு வகை. அப்படியிருந்தும் பெரும்பாலானவர்கள் இதைக் கையில் எடுத்துவிட்டு, இன்னதென்று தெரியாமல் கீழே போட்டுவிடுகிறார்கள். காரணம், நாம் கல்லை நிறத்தால் அடையாளம் காணப் பழகியிருக்கிறோம். செர்ட்டுக்கு என்று நிறமே கிடையாது. இரும்பு ஆக்சைடு கலந்தால் சிவப்பு, மட்கிய உயிர்ப்பொருளின் கரி கலந்தால் கறுப்பு, சில கனிமங்களால் பச்சை. இவை எதுவும் இல்லாவிட்டால் சாம்பல், வெளிர்பழுப்பு, பால்வெள்ளை. சிறிதளவு அழுக்குதான் பல நேரங்களில் இந்த நிறங்களையெல்லாம் கொடுக்கிறது. மீதியெல்லாம் ஒரே பொருள், சிலிக்கா. ஆகவே செர்ட்டின் தோற்றத்தை நம்பிப் பயனில்லை, அதன் நடத்தையைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த நடத்தை எதுவரை உண்மை சொல்லும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதல் சோதனைக்குச் சாதாரணக் கத்தி போதும். கல்லின் புதிதாக உடைந்த முகத்தில் கத்தி முனையை அழுத்தி இழுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் பள்ளம் விழுந்து வெள்ளைப் பொடி உதிரும். செர்ட்டாக இருந்தால் பள்ளத்துக்குப் பதிலாக ஒரு சாம்பல் கோடு தெரியும். விரலால் தடவிப் பார்த்தால் அது கத்தியிலிருந்து தேய்ந்து ஒட்டிய எஃகு என்று புரியும். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளக்கும் மோஸ் அளவுகோலில் செர்ட் ஏறக்குறைய 7. கத்தி எஃகு பெரும்பாலும் அதற்குக் கீழே. புதிதாக உடைந்த முகம் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெயிலிலும் மழையிலும் பல காலம் கிடந்த செர்ட்டின்மேல் வெளுத்த, நுண்துளைகள் நிறைந்த தோல் ஒன்று படிந்திருக்கும். கத்தி அதில் இறங்கிவிடும், பார்ப்பவரும் சுண்ணாம்புக்கல் என்று தீர்ப்பு எழுதிவிடுவார். இரண்டாவது சோதனை அமிலம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் சுண்ணாம்புக்கல் சீறும், செர்ட் சும்மா இருக்கும். மூன்றாவது, உடையும் விதம். செர்ட் உடைந்த இடம் சிப்பியின் உட்புறம் போலக் குழிந்து, அலையலையான வளைகோடுகளோடு வழவழப்பாக இருக்கும். விளிம்பு தோலைக் கிழிக்கும் அளவுக்குக் கூராக இருக்கும். கண்ணாடி அணியாமல் இந்தச் சோதனையில் இறங்கக் கூடாது. தெறிக்கும் சில்லு கண்ணாடித் துண்டைவிட மோசமானது.

இந்த மூன்று குணங்களுக்கும் வேர் ஒன்றுதான். செர்ட் என்பது குவார்ட்ஸ்; ஆனால் மிக நுண்ணிய குவார்ட்ஸ். அதன் மணிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. அவை எந்தத் திசை ஒழுங்கும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. குவார்ட்ஸ் என்பதால் கடினம். குவார்ட்ஸ் என்பதாலேயே அந்த அமிலத்துக்கு அசைவதில்லை. மணிகள் நுண்ணியவை, திசையற்றவை என்பதால் விரிசலுக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடியின் விசை எப்படிப் பரவுகிறதோ அப்படியே விரிசலும் வளைந்து பரவுகிறது. எங்கே தட்டினால் எப்படி உடையும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய கற்கள் மிகச் சிலவே. செர்ட் அவற்றில் ஒன்று.

இந்த மூன்று சோதனையிலும் வேறு கற்களும் தேறிவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டோலமைட்டும் குளிர்ந்த அமிலத்தில் சீறாது; ஆனால் கத்தி அதைக் கீறிவிடும். ரோடு போடக் கொட்டும் உலைக்கசடு சிப்பி முறிவு காட்டும். ஆனால் அதில் காற்றுக் குமிழ்கள் தெரியும், கண்ணாடித்தன்மை கொண்ட கசடு கடினத்திலும் செர்ட்டுக்குக் கீழேதான். தொல்லை கொடுப்பது குவார்ட்சைட். அதுவும் சிலிக்கா, அதுவும் கடினம், அதுவும் அமிலத்தைச் சட்டை செய்யாது. இங்கே பூதக்கண்ணாடி உதவும். குவார்ட்சைட்டின் உடைந்த முகத்தில் மணிகள் தெரியும், திருப்பிப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே மின்னும். செர்ட்டில் எத்தனை உற்றுப் பார்த்தாலும் மணி பிரியாது. அகேட் விஷயத்தில் நான் வாதாட விரும்பவில்லை. அதுவும் நுண்மணிச் சிலிக்காதான். பெரும்பாலும் எரிமலைப் பாறையின் பொந்துகளில் நாராக வளர்ந்து, கோடுகோடாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். கையில் கிடைத்த ஒரு கூழாங்கல் அகேட்டா செர்ட்டா என்பதில் நிலவியலாளர்களே கருத்து வேறுபடுவதுண்டு. இயற்கை வைத்த எல்லை அல்ல அது. நாம் வசதிக்குப் போட்ட வேலி.

நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். இங்கே ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். சிக்கிமுக்கிக்கல் எஃகில் மோதும்போது பறக்கும் பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் கூர்விளிம்பு எஃகிலிருந்து தூசியளவு துகள்களைச் சீவி எடுக்கிறது. சீவிய வேகத்தில் சூடேறிய இரும்புத் துகள் காற்றில் எரிவதுதான் பொறி. கல்லின் வேலை சீவுவது மட்டுமே. அதனால் கடினமும் கூரும் உள்ள எந்தக் கல்லும், குவார்ட்சைட் உட்பட, இந்த வேலையைச் செய்யும். பொறி வருவதால் மட்டும் அது செர்ட் ஆகிவிடாது. வெங்கச்சங்கல் என்னும் குவார்ட்ஸ் கற்கள் இரண்டை இருட்டில் உரசினால் உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் ஓடும், கருகல் வாடையும் வரும். அது படிகம் நொறுங்கும்போது பிறக்கும் குளிர்ந்த ஒளி, பஞ்சைப் பற்றவைக்காது. ஆதிமனிதன் இரண்டு கல்லை உரசித் தீ உண்டாக்கினான் என்று பள்ளிப் புத்தகப் படங்கள் காட்டுவதில் ஒரு பாதிதான் சரி. இரும்பு வருவதற்கு முன்பு கல்லோடு மோதவிட்டது பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தை. பொறிக்கு எரியக்கூடிய ஒன்று வேண்டும்; சிலிக்கா ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்த பொருள், அதில் எரிய எதுவும் மிச்சமில்லை. சிகரெட் லைட்டரில் கல் என்று போடுகிறோமே, அதுவும் கல் அல்ல. சீரியமும் இரும்பும் கலந்த உலோகத் துண்டு. அங்கே எஃகுச் சக்கரம் சீவுகிறது, அந்த ‘கல்’ எரிகிறது.

சிலிக்கா கடலடியில் எப்படிக் கல்லாகிறது? ஆறுகள் பாறைகளை அரித்துக் கொண்டுவரும் சிலிக்கா கடல்நீரில் கரைந்திருக்கிறது. ஆனால் மிகக் கொஞ்சம். தானாகப் படிந்து இறங்கும் அளவுக்கு இல்லை. ரேடியோலேரியா, டயாட்டம் என்ற நுண்ணுயிர்களும் கடற்பஞ்சுகளும் அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சி, நீர் கலந்த சிலிக்காவாகிய ஓபலில் கூடு கட்டிக்கொள்கின்றன. செத்தபின் கூடுகள் கீழே மழையாக விழுகின்றன. அங்கே சுண்ணாம்புக் கூடுகளும் கூடவே விழும். ஆனால் சுமார் நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, குளிரும் அழுத்தமும் கூடிய நீரில், சுண்ணாம்பு முழுக்கக் கரைந்துவிடுகிறது. சிலிக்காக் கூடுகளில் ஒரு பகுதி தப்பிச் சேறாகத் தங்குகிறது. மேலே படிவு ஏற ஏறச் சேறு புதைந்து சூடாகிறது. நீர் வெளியேறி, ஓபல் முதலில் பாதி ஒழுங்குள்ள இன்னொரு வடிவமாகவும், பிறகு குவார்ட்ஸாகவும் மாறுகிறது. அதற்குப் பல லட்சம் ஆண்டுகளிலிருந்து பல கோடி ஆண்டுகள் வரை பிடிக்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாரின் ஹெட்லண்ட்ஸ் குன்றுகளில் சில அங்குலக் கனத்தில் சிவப்புச் செர்ட்டும், இடையிடையே மெல்லிய களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியிருப்பதைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். மொத்தக் கனம் சுமார் 80 மீட்டர். அது படிய எடுத்துக்கொண்ட காலமோ ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள். ஒரு மில்லிமீட்டர் சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் என்று வகுத்துப் பார்த்தால் தெரிகிறது. அமெரிக்கக் கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படிவு பிறந்தது பசிபிக்கின் நடுப்பகுதியில். கடல்தளத் தட்டு அதைச் சுமந்து வந்து கண்டத்தின் ஓரத்தில் சேர்த்தது.

உருண்டைச் செர்ட்டின் கதை வேறு. இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறைகளில் வரிசை வரிசையாகக் கறுப்புச் சிக்கிமுக்கி உருண்டைகள் பதிந்திருக்கின்றன. கடற்பஞ்சுகளின் சிலிக்கா ஊசிகள் சேற்றுக்குள் கரைந்து, வேதிச் சூழல் மாறும் இடத்தில், பல நேரம் ஏதோ ஒரு பிராணி குடைந்த வளைக்குள், சுண்ணாம்பை வெளியேற்றிவிட்டுத் தாம் உட்கார்ந்துகொண்டன. சில உருண்டைகளுக்கு விரலும் கிளையுமாக விசித்திர வடிவம் வருவது அந்த வளையின் வடிவம்தான். இதற்கெல்லாம் முன்பு, சிலிக்காக் கூடு கட்டும் உயிர்களே இல்லாத மிகப் பழைய கடல்களில், நீரிலிருந்தே நேரடியாகச் சிலிக்கா படிந்தது. வெந்நீர் ஊற்றுகளும் பாறைப் பிளவுகளில் செர்ட்டை வார்த்திருக்கின்றன. ஒரே நடத்தை, ஒரே பொருள், ஆனால் நான்கு வேறு பிறப்பு. கத்தியும் அமிலமும் இந்த நான்கையும் பிரித்துக் காட்டாது.

உடைவதை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற குணத்தை மனிதர்கள் மிக முன்பே கண்டுகொண்டார்கள். கையில் கிடைத்த கல்லுக்கு ஏற்பக் கருவி மாறியது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியை அடையாளம் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் 15 லட்சம் ஆண்டு என்று காலம் கணித்த அத்திரம்பாக்கம் கைக்கோடரிகளும் அதே தொண்டை மண்டலத்தவை. அவையெல்லாம் குவார்ட்சைட். பெரிய கோடரிக்கு அந்தக் கல் போதும். பிற்காலத்தில், தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடுகளில், நகம் அளவிலான நுண்கருவிகள் செய்தவர்கள் குவார்ட்ஸையும் செர்ட்டையும் தேடிப் போனார்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களை ஒட்டிய அந்தத் தேரிகளைப் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் விரிவாக எழுதினார்கள். விரல்நுனிக் கருவிக்கு மணி தெரியும் கல் உதவாது. விளிம்பு மணியளவுக்குமேல் கூராக முடியாது. செர்ட் கருவியை மேலான நாகரிகத்தின் அடையாளமாகவும் குவார்ட்சைட் கருவியைக் கீழானதாகவும் பார்ப்பது தவறு. செய்யும் வேலையும் கிடைக்கும் கல்லும் சேர்ந்துதான் அதைத் தீர்மானித்தன.

சிந்துவெளி மக்கள் இந்தக் கல்லை வேறொரு வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். சிந்து மாகாணத்து ரோரி குன்றுகளில் செர்ட் வெட்டியெடுத்த இடங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கிருந்து நீண்ட கத்தி அலகுகள் மட்டும் போகவில்லை. கனசதுரமாகத் தேய்த்த எடைக்கற்களில் பெரும்பகுதியும் கோடு விழுந்த செர்ட்டில் செய்தவை. அதிகம் கிடைக்கும் அலகு சுமார் 13.7 கிராம், சிறிய எடைகள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துப் போகின்றன. ஏன் செர்ட்? அவர்கள் எழுதி வைத்தது எதுவும் நமக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு வணிகரின் இடத்தில் நின்று யோசித்தால் விடை கிடைக்கிறது. கைபட்டுத் தேயாது, ஈரம் குடிக்காது, துருப்பிடிக்காது. யாராவது ஒரு மூலையைச் செதுக்கி எடை குறைத்தால் அந்தச் சிப்பி முறிவு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலாந்தின் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே 400-க்கு மேற்பட்ட குழிகளை மான்கொம்பால் தோண்டி, நல்ல அடுக்கில் இருக்கும் சிக்கிமுக்கியை மட்டும் தேர்ந்து எடுத்தார்கள். அதே வட்டாரத்தில் உள்ள பிராண்டன் ஊர், நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிகளுக்குச் சிக்கிமுக்கி செதுக்கிக் கொடுத்தது. மூடிய கொட்டகைகளில் நாள் முழுக்கக் கல் செதுக்கியவர்களின் நுரையீரலில் அந்தத் தூசி படிந்து சிலிக்கோசிஸ் வந்தது. தண்ணீருக்கும் அமிலத்துக்கும் கரையாத குணம் உடம்புக்குள் போனபோது ஆளைக் கொன்றது. கல் உடைக்கும் தொழிலாளிகளுக்கு இன்றும் இதே நோய்தான்.

கரையாது, வினைபுரியாது என்று இவ்வளவு சொல்லியதற்கு ஒரு மறுப்பு பொறியியல் பக்கத்திலிருந்து வருகிறது. 1940-இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் என்ற பொறியாளர், நன்றாகக் கட்டிய கான்கிரீட் சாலைகளும் பாலங்களும் சில ஆண்டுகளிலேயே வலைபோல வெடிப்பதற்குக் காரணம் கண்டார். ஜல்லியில் இருந்த ஓபல் போன்ற சிலிக்கா, சிமென்டில் இருக்கும் காரத்தோடு வினைபுரிந்து கூழாகிறது. கூழ் ஈரத்தை உறிஞ்சி வீங்குகிறது. உள்ளிருந்தே கான்கிரீட் பிளக்கிறது. செர்ட்டில் இன்னும் முழுக்கக் குவார்ட்ஸாக மாறாத பகுதி எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து. ஆக, அமிலத்துக்கு அசையாத கல் காரத்துக்கு அசையும். நம் இந்தியத் தர நிர்ணயத்தில் ஜல்லிச் சோதனைக்கான ஐ.எஸ். 2386-இன் ஏழாம் பகுதி இதற்காகவே இருக்கிறது. கத்திச் சோதனை இங்கே போதாது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது காரத்தில் ஊறவிட்டு அளக்க வேண்டும்.

இதே நுண்மணிதான் செர்ட்டை உயிரின் ஆவணக் காப்பகமாகவும் ஆக்கியது. சிலிக்கா ஊறிய உடல் நசுங்குவதற்கு முன்பே இறுகிவிடுவதால் உயிரணுவின் சுவர்கூட அப்படியே நிற்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனி செர்ட்டில், 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றுக்கரையில் வளர்ந்த செடிகளின் மூச்சுத்துளைகளையும், அவற்றுக்குள் குடியிருந்த பூஞ்சை இழைகளையும் எண்ணிப் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், தக்காண எரிமலைக் குழம்பின் இரு பாய்ச்சல்களுக்கு இடையே அகப்பட்ட ஏரிப்படிவுச் செர்ட்டுகளில் பீர்பல் சாஹ்னி ஆராய்ந்த தாவரங்களில் அசோலாவும் உண்டு. நம் வயல்களில் உரமாகவும் மாட்டுத் தீவனமாகவும் வளர்க்கிறோமே, அதன் சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழைய உறவு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் கல்மரமும் செர்ட் இல்லையென்றாலும் அதே சிலிக்காவின் கைவேலை. கனடாவில் சுப்பீரியர் ஏரிக்கரையின் கன்ஃபிளின்ட் செர்ட்டிலிருந்து ஸ்டான்லி டைலரும் எல்சோ பார்க்ஹூர்னும் 1954-இல் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களை வெளியிட்டபோது, உயிரின் வரலாறு ஒரேயடியாகச் சுமார் 188 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்வரை பின்னே தள்ளப்பட்டது.

அந்த வெற்றியே பிறகு பெரிய சண்டைக்கு வழி விட்டது. 1993-இல் வில்லியம் ஷாப் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் செர்ட்டில் சுமார் 346 கோடி ஆண்டுப் பழைய, சங்கிலி வடிவ நுண்ணுயிர்கள் இருப்பதாக எழுதினார். பத்தாண்டு கழியும் முன்பே, 2002-இல், மார்ட்டின் பிரேசியர் குழுவினர் அதை மறுத்தார்கள். அந்தக் கல் செர்ட்தான் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லை; கத்தி, அமிலம், முறிவு எல்லாவற்றிலும் அது தேறிய கல். வழக்கு முழுவதும் அந்தக் கல் எந்த இடத்தில், எந்தக் கோலத்தில் இருந்தது என்பதைப் பற்றியது. பிரேசியர் குழு அந்த இடத்தை மறுபடி வரைபடமாக்கிப் பார்த்தபோது, கல்லை எடுத்த இடம் கடலடிப் படிவு அல்ல, படிவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எழும் ஒரு வெந்நீர்ப் பிளவின் நிரப்பு என்று தெரிந்தது. அப்படியானால் கரிய சங்கிலிகள், சிலிக்கா படிகமாகும்போது ஓரங்களில் ஒதுக்கித் தள்ளிய கரியாகவும் இருக்கலாம். ஷாப் தரப்பு விடவில்லை. 2018-இல் ஜான் வேலியோடு சேர்ந்து, ஒவ்வொரு இழையின் கார்பன் ஐசோடோப்பையும் தனித்தனியே அளந்து, அவை உயிர்களின் எச்சமே என்று மீண்டும் வாதிட்டார். ஆற்றுமணலில் கிடைத்த ஒரு சிவப்புக் கூழாங்கல்லை உடைத்துப் பார்த்து ஜாஸ்பர் என்று ஒரு மாணவரால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். அது ஆழ்கடலில் பிறந்ததா, வெந்நீர்ப் பிளவிலா என்று கேட்டால், அது உருண்டு வந்த மலைக்கு அவர் ஏறிப்போக வேண்டும்.